கோல் இல்லாத வரலாறு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்கம் போட்ட விழா மலருக்கு, நகரின் கால்பந்து ஸ்டேடியத்து வரலாற்றை நான்தான் எழுதினேன். ஒரு ஆட்டம்கூட முழுசாகப் பார்த்ததில்லை. எழுத்தாளன் என்ற திமிர் போதாதா? அடிக்கல் நாட்டிய மந்திரி, ரிப்பன் வெட்டிய மந்திரி, பெயிண்ட் அடித்ததும் மறுபடி ரிப்பன் வெட்டிய மந்திரி என்று பக்கங்களை நிரப்பினேன். சங்கத்துப் பெரிய மனுஷர்கள் தங்கள் படம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்றார்கள்.

விழா ஸ்டேடியத்தில்தான். அங்கே சுண்ணாம்புக் கோடு போடும் குளச்சல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு மலரை வாங்கி, கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"சாரே, இந்த கிரவுண்ட்ல யாருமே கோல் அடிக்கலியா?"

அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே தேடியிருக்கிறார். முதல் பக்கத்தில் என் படம் மட்டும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.