வண்டியை ஓட்டப்போவது யார்?

என் தம்பிக்கு மாயாபந்தருக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது, வீட்டில் எல்லோரும் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் போர்ட் பிளேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் என் இரண்டு கால்களையும் சூம்பவைத்துவிட்டது. கால்களில் காலிப்பர் என்ற இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் பிடித்து நடப்பேன். ஜங்லிகாட் சந்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் காலையில் தம்பிதான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவான். சாயங்காலம் அவனே வந்து கூட்டிப்போவான். அவனுக்கு மின்சார இலாகாவில் வேலை. எங்கே கம்பி அறுந்தாலும் ஓட வேண்டும். ஆனாலும் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மழை கொட்டும்போது பள்ளி கேட்டருகே ஒதுங்கி அவனுக்காகக் காத்திருப்பேன். அவன் தொப்பலாக நனைந்து வந்து, முதலில் என் ஊன்றுகோல்களை வாங்கி, பிறகு என்னைப் பின்சீட்டில் ஏற்றுவான். நன்றி சொன்னால் கோபப்படுவான் என்பதால் நான் எதுவும் சொல்ல மாட்டேன். அது அப்படியே உள்ளே சேர்ந்துகொண்டே போனது.

ஒரு பகல் பயணத் தூரத்தில் இருக்கும் மாயாபந்தருக்கு அவன் போய்விட்டால் என்ன செய்வது? சந்து செங்குத்தான ஏற்றம் என்பதால் ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மாட்டார்கள். மெயின் ரோடு வரை ஏற்றத்தில் நடந்து போக என்னால் முடியாது.

"கார் வாங்கிருவோம்க்கா," என்றான் தம்பி. "உன் பேர்ல வாங்குனா ரோடு டாக்ஸ் கிடையாதாம், ஜிஎஸ்டியும் கம்மியாம். லீவுக்கு வர்றப்ப நான் ஓட்டுறேன். மத்த நாளுக்கு ஒரு டிரைவரப் போட்டுக்கலாம்."

அந்தச் சலுகை இல்லாமல் கார் என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்திருக்காது. ஆனால் சலுகை என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. கை நீட்டி வாங்குவதுபோல் ஒரு கூச்சம். அரைமனதோடுதான் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

அங்கே எங்களிடம் பேசிய அதிகாரி நடுவயதுக்காரர், வங்காளி. என் ஊனச் சான்றிதழைப் பொறுமையாகப் படித்தார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பிறகு தம்பியைப் பார்த்து, "காடி சலாயேகா கோன்?" என்றார். வண்டியை ஓட்டப்போவது யார் என்று கேட்கிறார்.

"மே, சார்," என்றான் தம்பி, நான்தான் என்று பளிச்சென்று.

அதிகாரி தலையை ஆட்டினார். கோபமில்லை, வருத்தம் போலத்தான் இருந்தது. இந்த வரி விலக்கு ஊனமுற்றவர் தானே ஓட்டுவதற்காக மாற்றியமைத்த வண்டிக்கு என்று இந்தியில் விளக்கினார். கால் வேலை செய்யாதவர் கையாலேயே ஓட்டும்படி வண்டியை மாற்ற வேண்டும்; அவர் பெயரில் லைசென்ஸ் இருக்க வேண்டும். தம்பியோ டிரைவரோ ஓட்டுகிற கார் என்றால் மற்றவர்களைப் போல வரி கட்டித்தான் ஆக வேண்டும்.

தம்பி ஏதேதோ சொல்லிப் பார்த்தான். அக்காவால் நிற்கக்கூட முடியாது, எப்படி ஓட்டுவாள் என்றான். அவன் எனக்காகத்தான் வாதாடினான். ஆனால் அத்தனை பேர் நடுவில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

"மே குத் சலாவூங்கி," என்றேன். நானே ஓட்டுவேன்.

தம்பி திரும்பிப் பார்த்தான். அதிகாரி புன்னகைத்தார். "தோ பாத் கதம்," என்றார். அப்படியானால் பேச்சு முடிந்தது.

உண்மையில் அந்த நிமிஷம் வரை ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கும் ஆசைகூட எனக்கு வந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பி நடந்ததைச் சொன்னான். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? கையால பிரேக்கப் போடுவாளாம்ல! பள்ளத்துல விட்டா யாரு தூக்குறது?"

அம்மாவுக்குப் பதில் சொன்னது தம்பியின் மனைவி. மாயாபந்தர் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அவள் பேச்சில் தமிழுக்குச் சமமாக இந்தி இருக்கும். தன் அப்பாவின் பாக்குத் தோட்டத்து பிக்கப் வண்டியைக் கல்யாணத்துக்கு முன்பே ஓட்டியவள்.

"அரே அத்த, கை இருக்குல்ல? மதினி பாத்ரூம்லருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் கையாலதான நடக்குது. வண்டி ஓட்டாதா?"

அதை அவள் கருவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னாள். என்னை அதுவரை அப்படி யாரும் சொன்னதில்லை. என்னைப் பற்றி எல்லோரும் கால்களிலிருந்துதான் தொடங்குவார்கள்.

கார் சென்னையில் வாங்கப்பட்டது. கியர் மாற்ற வேண்டாத ஆட்டோமேட்டிக் வண்டி. அங்கேயே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு லீவரைப் பொருத்தி, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் அனுப்பினார்கள். கடல் கொந்தளித்ததால் கப்பல் தாமதமானது. அதற்குள் தம்பி மாயாபந்தரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அங்கே குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை அவன் மனைவி எங்களோடு இருந்தாள். அப்படித்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது.

விடிந்ததும் ஆளில்லாத ஒரு மைதானத்துக்குப் போவோம். "மதினி, லீவரத் தள்ளுனா பிரேக்கு, இழுத்தா ஸ்பீடு. இத்தனதான்," என்பாள். அவ்வளவு லேசாகவா இருந்தது? முதல் நாள் தள்ள வேண்டிய இடத்தில் இழுத்துவிட்டேன். வண்டி ஒரு தென்னைமரத்தைப் பார்த்துப் பாய்ந்தது. நான் கத்தினேன், அவளும் கத்தினாள். மரத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது எப்படியோ லீவரைத் தள்ளிவிட்டேன். வண்டி குலுங்கி நின்றது. அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கினாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை.

"பிரேக் நல்லா இருக்கு மதினி," என்றாள். "ச்சலோ, இன்னொரு தடவ."

ஊன்றுகோல் பிடித்துப் பிடித்து என் தோளும் மணிக்கட்டும் உரமேறிக் கிடந்தன. அந்த உரம் இந்த லீவருக்கும் ஆகும் என்பது கொஞ்ச நாளில் புரிந்தது. வளைவு வந்தால் தோள் தானாகவே திரும்பியது. மழையில், சந்தை நெரிசலில், ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்புவதில் என்று ஒவ்வொன்றாகப் பழகினேன்.

தேர்வு நாளில் அதே வங்காளி அதிகாரிதான் என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார், ஒரு ஆட்டோவுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவில் போகச் சொன்னார். முடிந்ததும் சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே, "மேடம், என் மனைவியைவிட நல்லா ஓட்டுறீங்க. அவகிட்ட சொல்லிராதீங்க," என்றார் இந்தியில். பதிவுச் சான்றில் மாற்றியமைக்கப்பட்ட வண்டி என்று குறித்து, வரியைத் தள்ளிவிட்டார்கள். அன்று அந்த அலுவலக வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அழுவதற்கு எனக்கென்று ஒரு இடம் கிடைத்ததும் அன்றுதான்.

தம்பி மனைவி குவார்ட்டர்ஸுக்குப் போன அடுத்த வருஷம் அவளுக்கு மாயாபந்தரில் பெண் குழந்தை பிறந்தது. செய்தி வந்ததும் அம்மா பஸ்ஸுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று கவலைப்படத் தொடங்கினார்.

"பஸ் எதுக்கும்மா?" என்றேன். "நான் கூட்டிட்டுப் போறேன்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பலகாரம் கட்டப் போய்விட்டார்.

இருட்டோடு கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் கான்வாய்க்காக வரிசையில் நின்றோம். அங்கிருந்து பழங்குடிகளுக்கு ஒதுக்கிய காட்டுக்குள் போலீஸ் வண்டிக்குப் பின்னால் எல்லா வண்டிகளும் ஒன்றாகத்தான் போக வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. கை வலித்தால் என்ன செய்வேன் என்று பயந்தேன். வலித்தது, ஓட்டினேன். மேடும் பள்ளமுமான ரோட்டில் அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

காடு முடிந்து, பாராடாங் தீவுக்குக் கடக்கும் துறையில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. சரிவில் இறங்கி, இரும்புப் பலகைமேல் ஏறி, வண்டியை ஃபெர்ரிப் படகுக்குள் நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர். ஃபெர்ரி ஊழியர் ஒருவர் கையைக் காட்டி, "ஆவோ, ஆவோ, தோடா லெஃப்ட்," என்று கொஞ்சம் இடது பக்கமாக வரச் சொன்னார். லீவரை ஒரு நூல் இழுத்து, ஒரு நூல் தள்ளி, இழுத்து, தள்ளி ஏற்றினேன். முன்சக்கரம் பலகையில் ஏறிய சத்தத்துக்கு அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நிறுத்தியதும் அந்த ஊழியர் ஜன்னலருகே வந்தார். வண்டிக்குள் இருப்பவர்கள் இறங்கி நிற்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவர் காலிப்பரையும், லீவரையும், கடைசியில் என் முகத்தையும் பார்த்தார்.

"ஆப் பைட்டியே," என்றார். நீங்கள் உட்காருங்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, அக்கரை வரும்வரை பக்கத்திலேயே நின்றார்.

மாயாபந்தர் ஆஸ்பத்திரி வாசலில் தம்பி நின்றிருந்தான். வண்டி நின்றதும் பழக்க தோஷத்தில் என் கதவைத் திறந்து ஊன்றுகோல்களை எடுத்துக் கொடுத்தான். "கை வலிக்குதாக்கா?" என்று மட்டும் கேட்டான். "வலிக்குதுடா," என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அமுக்கிவிட்டான். அவனிடம் பல வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த நன்றியை அப்போது சொன்னேன். இந்த முறை அவன் கோபப்படவில்லை.

உள்ளே, கட்டிலில் படுத்திருந்தவள் என்னைப் பார்த்ததும், "மதினி, ஃபெர்ரில ஹேண்ட்பிரேக் போட்டீங்களா?" என்றாள். போட்டேன் என்றதும்தான் குழந்தையை என் மடியில் வைக்கச் சொன்னாள்.

அந்த வரி விலக்கு விதியை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. டெல்லியிலோ வேறெங்கோ இருக்கலாம். என்னைப் போன்ற ஒருத்தி தானே வண்டி ஓட்டுவாள் என்று, நான் நம்புவதற்கு முன்பே அவர் நம்பியிருக்கிறார். வரியைத் தள்ளியதற்காகவும் அவருக்கு நன்றி சொல்வேன். அந்த நம்பிக்கைக்கு அதைவிடக் கூடுதலாகச் சொல்வேன்.