தவிட்டுக்கு விற்ற பேர்

எங்கள் வீட்டில் மூன்று பெரிய மனிதர்கள் இருந்தார்கள். மூவருக்கும் ஒரே பேர். அந்தப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அம்மா கடைசிவரை வாயால் சொல்லாத பேரை நான் எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

முதலாமவர் அப்பாவின் தாத்தா. கழுவெளி ஏரியில் வெள்ளம் வந்த வருஷம் ஓடம் விட்டு ஊர் சனத்தைக் கரையேற்றியவர். கடைசி நடையில் ஓடத்தோடு போய்விட்டார். கரையில் அவருக்கு ஒரு கல் நட்டு, ஆடி மாசம் கூழ் ஊற்றுகிறார்கள். இரண்டாமவர் அப்பாவைப் பெற்றவர். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்று முதலாளியை எதிர்த்து நின்றார். ஊருக்குக் கிணறு வந்தது, அவருக்கு வேலை போனது. அந்தக் கவலையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கிணற்றுக்கு இன்றைக்கும் அவர் பேர்தான். மூன்றாமவர் பெரியப்பா. கூத்தில் ராஜா வேஷம் கட்டுவார். அவர் கிரீடம் வைத்து வந்து நின்றால், நாலு ஊர் தள்ளி இருக்கிற பிரம்மதேசத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்களாம். ஆடிக்கொண்டிருந்தபோதே ரத்தம் கக்கிச் செத்தார். மூன்று பேருக்கும் தலை நரைக்கவில்லை.

ஊருக்குக் கல்லும் கிணறும் கதையும் மிஞ்சின. எங்கள் வீட்டுக்கு மிஞ்சியது மூன்று தாலியறுத்த பெண்கள். மூவரும் உப்புக்கூடை சுமந்தே பிள்ளைகளை வளர்த்தார்கள். அதைப் பற்றி யாரும் கூத்து கட்டவில்லை. "பேரு பெத்த பேரு, தாகத்துக்குத் தண்ணி இல்ல" என்று அம்மா முணுமுணுப்பாள், அதுவும் அப்பா இல்லாத நேரம் பார்த்து.

அப்பாவுக்கு அந்தப் பேர்தான் சொத்து. எனக்கு அடுத்துப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதற்கப்புறம் தம்பி பிறந்ததும், இவனையாவது குப்பையில் புரட்டித் தவிட்டுக்கு விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. குழந்தை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, உறவில்லாத ஒருத்தியிடம் ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிட்டு, பிறகு அவளிடமிருந்தே வாங்கி வருவார்கள். கேவலமாக ஒரு பேரும் வைப்பார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நினைத்துக்கொண்டு விட்டுவிட்டுப் போவானாம்.

"எங்க பரம்பரையில குப்பைமேட்டுப் பேரா?" என்று அப்பா குதித்தார். "பேரு சொல்ல ஒரு புள்ள பொறந்திருக்குது. அவனுக்கு அந்தப் பேருதான்."

அப்படியே வைத்தார். மாமனார் பேர் என்பதால் அம்மா அதை வாயில் எடுக்க முடியாது. 'ராசா' என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு பயம் இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், தம்பிக்கு நாலு. உப்பு நன்றாகப் பூத்திருந்த சமயத்தில் வானத்தில் மேகம் கூடிவிட்டது. மழை விழுந்தால் பாத்தியில் இருக்கிற உப்பெல்லாம் கரைந்து போகும். அதற்குள் வாரிக் கரையேற்றியாக வேண்டும் என்று உப்பளமே பறந்துகொண்டிருந்தது. அப்பாவும் நானும் அங்கே இருந்தோம். வீட்டில் தம்பிக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. அம்மா பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பாண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிட்டாள். அந்த அக்கா வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், அம்மாவோடு உப்பு சுமக்கிறவள். மாலையில் அவள் மட்டும் திரும்பி வந்து, "சேத்தாச்சுண்ணா. குளுக்கோஸ் ஏத்துறாங்க" என்றாள். அப்பா முகத்தை மட்டும் ஏறிட்டுப் பார்க்காமல் போனாள்.

வேலையை விட்டுப் போனால் திரும்பி வராதே என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். உப்பு கரையேறிய மறுநாள் விடிந்ததும்தான் அப்பாவும் நானும் பாண்டிக்குக் கிளம்ப முடிந்தது.

ஆஸ்பத்திரி கேட்டில் உள்ளே விடவில்லை. பார்க்கிற நேரம் சாயங்காலம்தான் என்றார் காவல்காரர். அப்பா கும்பிட்டார். பிள்ளை பேரைச் சொல்லி, வாந்திபேதியில் வந்தது, நாலு வயசு, எப்படியிருக்கிறது என்றாவது கேட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். அந்த மனிதருக்கும் மனசு கேட்டிருக்கும்போல. உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். வரும்போதே அவர் நடை சரியாக இல்லை.

"அந்தப் பேருல இருந்த புள்ள காலைல போயிடுச்சுப்பா. அவங்கம்மா தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க."

நான் கத்தினேன். அப்பா என் கையைப் பிடித்து பஸ் நிற்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பிணம் என்று தெரிந்தால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். இல்லாதப்பட்டவர்கள் செத்த குழந்தையைத் தோளில் போட்டு, முந்தானையால் மூடி, தூங்குகிற பிள்ளைபோலத் தட்டிக்கொண்டே ஊருக்குக் கொண்டுவருவார்கள். அழவும் கூடாது. அம்மா அப்படித்தான் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள் என்று அப்பா நினைத்தார், நானும் நினைத்தேன். வழியெல்லாம், தோளில் குழந்தையோடு ரோட்டில் நின்ற ஒவ்வொருத்தியையும் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தேன். அப்பா ஒரே ஒரு தடவை பேசினார்.

"நான்தான்டி கொன்னுட்டேன். அவ அப்பவே சொன்னா."

எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை இன்றுவரை என்னால் அளவிட முடியவில்லை. அந்த மூன்று பெரிய மனிதர்கள்மேலும் வந்தது. செத்தும் அடங்காத பேர், என் தம்பியையும் கேட்டதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீடு சாத்தியிருந்தது. அம்மா வந்திருக்கவில்லை. அப்பா வாசலிலேயே மண்ணில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டார். சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டாள். பிறகு அப்பா கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா, எழுந்திரு. அந்தப் பேருல நம்ம புள்ள அங்க இல்லண்ணா. பஸ் ஏறுறதுக்கு மின்னாடி குப்பைமேட்டுல போட்டு எடுத்து எங்கிட்ட தவிட்டுக்கு வித்துட்டா. குப்பைமேட்டுப் பேரு ஒண்ணு வச்சா, ஆஸ்பத்திரியில அதைத்தான் சொல்லிச் சேத்தோம். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நான் படுபாவி, வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

அப்பா நம்பவில்லை. நம்பாமலேயே எழுந்து நடந்தார். மறுபடியும் அதே பஸ், அதே ரோடு. போய்ப் பார்க்கிறவரை தம்பி எனக்குச் செத்தும் இருந்தான், உயிரோடும் இருந்தான். அந்தப் பயணத்தைப்போல் ஒரு வேதனையை அதற்கப்புறம் நான் பட்டதில்லை.

பார்க்கிற நேரத்துக்கு மணி அடித்ததும் உள்ளே ஓடினோம். கட்டில் ஓரமாகத் தரையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் தம்பி, கண் மூடி, கையில் ஊசியோடு. அப்பா அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். அம்மா பாய்ந்து எழுந்து அவர் வாயைப் பொத்தினாள். அவர் முன்னால் உட்காரவே தயங்குகிறவள் அவள்.

"கூப்பிடாதீங்க. வித்துட்டேன்."

பிறகு பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். காலியாகக் கிடந்தது. ஒருத்தி அதை பினாயில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"குப்பத்துக்காரி ஒருத்தி. அவ புள்ளைக்கும் அதே பேரு. மூச்சு விடாம கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. அவ கூப்பிடறப்பெல்லாம் நம்மளுது கண்ணத் தொறந்து பாக்குது. அவளுது பாக்கல." அம்மாவின் குரல் உடைந்தது. "நாம தூக்கிப் போட்ட பேரு, அது மேல போயி வுழுந்துடுச்சா?"

அப்பா அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்தார். அப்புறம் தம்பியின் காதருகே குனிந்து, அம்மா வைத்த அந்தக் குப்பைமேட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று பெரிய மனிதர்களின் வாரிசு, நாக்கு கூசக் கூசக் கூப்பிட்டார். தம்பி அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார். மணி அடித்து எங்களை வெளியே அனுப்புகிறவரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாளும் வந்து நின்று கூப்பிட்டார். வெகுநேரம் கழித்துத் தம்பி கண்ணைத் திறந்தான். அப்பாவைப் பார்த்தான், சுற்றுமுற்றும் பார்த்தான்.

"யாரக் கூப்பிடறப்பா?" என்று கேட்டான்.