ஏணி மேலிருந்து ஓர் ‘உம்’

என் அம்மா பாப்பாத்திக்குக் கதை என்றால் ஆகாது. “இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்றதைக் கேக்க எனக்கென்ன வேலையில்லையா?” என்பாள். ஆனால் யாராவது “நான் பிறந்தது...” என்று தொடங்கிவிட்டால் போதும், அடுப்பில் சோறு குழைந்துபோகும். சேலத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் நான், பொங்கலுக்கு எங்கள் மலைக்கிராமமான வளப்பூருக்குப் போனபோது அவள் போனில் ஒலிப்புத்தகங்களை ஏற்றிக் கொடுத்தேன். எல்லாம் தன்வரலாறுகள், நாட்குறிப்புகள். காதில் செருகிக்கொள்ள வயரில்லாத இயர்போனும் வாங்கித் தந்தேன். அதோடு சரி, பெற்ற மகளிடம் பேச அம்மாவுக்கு நேரமில்லாமல் போய்விட்டது.

பேசினாலும் அந்தப் பேச்சுதான். “ரயில்வே கேட்டுக்காரர் சம்சாரத்துக்குக் காய்ச்சல் கண்ணு. கஞ்சி வெச்சுக் குடுக்கக்கூட ஆளில்லை.” அது அந்தச் சம்சாரம் எப்போதோ எழுதிய நாட்குறிப்பு. “அது நாற்பது வருஷத்துக்கு முந்தின காய்ச்சல்மா” என்றால் அவளுக்குக் கோபம் வரும். “காய்ச்சல்ல பழசென்ன, புதுசென்ன?”

இன்னொரு கூத்தும் உண்டு. அம்மா உம் கொட்டித்தான் கேட்பாள். போனுக்கு எதற்கு உம் என்று நான் சிரித்தால், “ஒருத்தி தான் பட்ட பாட்டைச் சொல்றா. உம் கொட்டலீன்னா அவளுக்கு எப்படி வாய் வரும்?” என்பாள். அந்த உம்தான் வம்பில் கொண்டுபோய் விட்டது.

மிளகு பறிப்புக்கு எங்கள் வீட்டில் ஏணி ஏறுவது அம்மா. அப்பா காளியண்ணனுக்கு முழங்கால் மடங்காது, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எறும்பு கடிக்காமலிருக்க அம்மா தலையோடு காதையும் மூடித் துண்டு கட்டுவாள். அதற்குள் இயர்போன் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் மரத்துமேல் என்ன பாட்டு வேண்டிக்கிடக்கு என்று திட்டுவார் என்ற பயம் அவளுக்கு. அப்பா திட்டுவதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பார். மற்ற நேரமெல்லாம் வாயில் கொழுக்கட்டைதான்.

மாசி மாதம் ஒருநாள், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் பாதி உயரத்தில் அம்மா இருக்கும்போது போன் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது. கேட்டுக்காரர் சம்சாரத்தின் குரல் போன இடத்தில் கீழேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“...அதனாலதான் எங்காத்தா செத்தப்ப நான் அழுவலை.”

அம்மா பறிப்பதை நிறுத்திவிட்டாள். பெற்றவள் பிணத்துக்கு முன்னால் கண் கலங்காதவன் என்று அப்பாவுக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. பெண் கொடுக்கும்போது அம்மா வீட்டாரே அதைச் சொல்லித் தயங்கினார்களாம். இத்தனை வருஷத்தில் ஏன் என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை. இப்போது மனுஷர் தானாகவே சொல்லி முடித்திருக்கிறார். மேலேயிருந்து வந்த உம்மெல்லாம் தனக்கென்று நினைத்து, பறிப்பு தொடங்கிய நாளிலிருந்து தன் பிறப்பு வளர்ப்பெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

“புஸ்தகத்துலன்னா பின்னால தள்ளிக் கேக்கலாம் கண்ணு. இந்த மனுசனை எங்க தள்றது?”

“உண்மையைச் சொல்லிடும்மா.”

“சொன்னா இனி சாகற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாரு. ஊரார் பாட்டையெல்லாம் கேட்டேன். எம்புருசன் பாட்டை விட்டுட்டேனே.”

மறுநாள் அம்மா போனை வீட்டிலேயே வைத்துவிட்டு ஏறினாள். காதைத் திறந்துவிட்டுத் துண்டைக் கட்டியிருந்தாள். எறும்பு கடித்தால் கடிக்கட்டும்.

“ஏனுங்க, நேத்து சொன்னீங்கல்ல, உங்காத்தா கதை. இன்னொருக்கா சொல்லுங்க.”

“அதான் சொல்லிப்போட்டேனே.”

“நல்லாருக்கறதை ரெண்டுதரம் கேக்கக் கூடாதுங்களா?”

அப்பாவை இதுவரை யாரும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“ஆத்தா படுத்த படுக்கையா இருந்தப்ப என்னைக் கூப்பிட்டுச் சொல்லுச்சு. நான் போயிட்டா நீ அழுவாத சாமி, நீ அழுதா சின்னவ பயந்துக்குவா, அவளைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கன்னுச்சு. ஆத்தாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கற வரைக்கும் தங்கச்சியை இறக்கி விடவே இல்லை. அவ என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தா. எப்படி அழுவறது? பொறவு அழுதுக்கலாம்னு வெச்சேன். அந்தப் பொறவு வரவே இல்லை.”

அம்மா கொடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மிளகுச் சரம் கண்ணுக்குத் தெரியவில்லை. அழுகைச் சத்தம் கீழே கேட்டுவிடாமல் துண்டு முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அப்பா பொறுத்துப் பார்த்தார். பிறகு ஏணியை லேசாக ஆட்டினார்.

“ஏ பாப்பாத்தி, இத்தனை நாளா நல்லாத்தான உம் கொட்டிட்டிருந்த? இன்னைக்குக் கேக்கறயா, இல்லையா?”

அம்மா துண்டை வாயிலிருந்து எடுத்தாள்.

“உம்” என்றாள்.