எழுதியாச்சா?

இருபத்திரண்டு வயதில், இயற்பியல் பட்டம் வாங்கிய கையோடு, எங்கள் வீட்டு அடிபம்பில் தண்ணீர் வரவில்லை என்று வேறொருவர் வீட்டு எண்ணைப் போட்டுப் புகார் எழுதிவிட்டு வந்தவன் நான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு சிலிண்டர் மாற்றத் தெரியவில்லை, தபால் உறையில் முகவரி எழுதத் தெரியவில்லை என்று என் வயதுக்காரர்கள் சிரிக்கும்போது நான் மட்டும் காபி டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

நான் வளர்ந்தது ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். ஒரே மஞ்சள் நிறத்தில் வரிசை வரிசையாக வீடுகள், அவற்றின்மேல் தூங்குமூஞ்சி மரங்களின் நிழல். காலையில் சங்கு ஊதினால் எல்லா அப்பாக்களும் சைக்கிளில் போவார்கள். மாலையில் ஊதினால் அதே சைக்கிள்களில் திரும்புவார்கள். வீட்டில் எது பழுதானாலும் அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "எழுதியாச்சா?"

பராமரிப்பு ஆபீசில் நீளமாக ஒரு கம்ப்ளைண்ட் நோட்டு இருந்தது. வீட்டு எண்ணைப் போட்டு, குழாய் ஒழுகுகிறது என்று எழுதிவிட்டு வந்தால் போதும். பள்ளி விட்டு வரும்போது குழாய் ஒழுகாது. யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மரத்தில் காய் பிடிப்பதைப் போல, காய்ச்சல் இறங்குவதைப் போல, குழாய்களும் நாம் தூங்கும்போது தாமாகவே குணமாகிவிடும் என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வெள்ளானூரில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போனோம். சுற்றிலும் கல் நட்ட காலி மனைகள். மதிய வெயிலில் அந்தக் கற்கள் லேசாக மிதப்பது போலத் தெரியும். கூப்பிடும் தூரத்தில் ஒரே ஒரு வீடு.

அப்பா இரும்பில் மயிரிழைப் பிசகைக் கண்டுபிடிக்கக் கூடியவர். என் தலைமுறையிலும் நிறையக் கண்டுபிடித்திருந்தார். குடிவந்த புதிதில் ஃபியூஸ் போய் வீடு இருண்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் வயதில் தான் ஒரு குடும்பத்தையே தாங்கியதாக அப்பா சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய் வந்தார். இரண்டு நாள் அரிக்கேன் விளக்கில் இருந்தோம். அந்த வெளிச்சம் கண்ணுக்கு நல்லது என்றார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு கம்பியைச் சுற்றிவிட்டுப் போனார். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த வேலையைப் பரிசோதிக்க வந்தவர் போலப் பக்கத்தில் நின்றார்.

அடுத்த வாரம் பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். அப்பாவும் அம்மாவும் கிளம்பினார்கள். வீட்டை என் பொறுப்பில் விடலாமா என்று வாசலில் ஒரு விவாதம் நடந்தது.

"விட்டுட்டு வா. சாயங்காலம் வந்து பாப்போம், வீடு இருக்குதான்னு" என்றார் அப்பா.

சாயங்காலம் வரை ஒரு தவறும் நேரக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பம்புப் பக்கத்தில் இருக்கிற வாளித் தண்ணீரைத் தொடாதே என்று அம்மா சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பத்து மணிக்கு அதில் சுகமாகக் குளித்தேன்.

பிறகு பம்பை அடித்தேன். அது இருமியது. இன்னும் அடித்தேன். கிழவனின் மூச்சு மாதிரி காற்று மட்டும் வந்தது. உறிஞ்சு பம்பு இயங்கும் விதத்தைப் படத்துடன் விளக்கி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். வால்வுகளுக்கு நிழல்கூடத் தீட்டியிருந்தேன். மதியம் வரை அடித்தேன். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

சைக்கிளை எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. தார் உருகிய சாலை, கானல், காற்றில் யாரோ வறுக்கும் மிளகாய் நெடி. ஆவடி குவார்ட்டர்ஸ் பிளம்பர் யாரையாவது யோசனை கேட்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் பராமரிப்பு ஆபீசில் நோட்டு திறந்து கிடந்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அங்கிருந்த அண்ணனிடம் பேனா வாங்கினேன். என் கை தானாகப் பழைய வீட்டு எண்ணைப் போட்டு, "பம்பில் தண்ணீர் வரவில்லை. அவசரம்" என்று எழுதியது. எழுதியதும் மனசு அப்படி லேசானது. தண்ணீரே வந்துவிட்ட மாதிரி.

மை காயட்டும் என்று முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். அதே வீட்டு எண். "விளக்கு எரியவில்லை. அவசரம்." சாய்வான, ஒவ்வொரு எழுத்தும் அளவெடுத்த கையெழுத்து. என் மதிப்பெண் பட்டியல்களில் பெருமூச்சுடன் விழுந்த அதே கையெழுத்து. தேதி, நாங்கள் குடிமாறி ஒரு வாரம் கழிந்த தேதி.

வெற்றி பெற்றவனாகத்தான் சைக்கிளை மிதித்தேன். மாலையில் அப்பா வாயைத் திறக்கட்டும், சொல்லிவிடலாம் என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். வெள்ளானூர் திருப்பத்துக்குள் அவை ஒவ்வொன்றாக எங்கோ விழுந்துவிட்டன. முப்பது வருஷம் "எழுதியாச்சா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வாழ்ந்த மனிதர், இருட்டு வீட்டிலிருந்து கிளம்பி, தனியாக இதே சாலையில் மிதித்துப் போயிருக்கிறார்.

வீட்டில் பக்கத்து வீட்டு அம்மா பம்பின் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அடித்துக்கொண்டிருந்தார். குபுகுபுவென்று கொட்டியது. நான் காலையில் அடித்த அடி அவர் வீடு வரை கேட்டதாம்.

"மேல கொஞ்சம் ஊத்தினு அடிக்கணும் தம்பி. அதுக்கும் தாகம் எடுக்கும்ல" என்றார்.

அப்பா வந்ததும் காலி வாளியைப் பார்த்தார். இந்தக் காலத்துப் பசங்க என்று ஆரம்பித்தவர், என் சைக்கிள் சக்கரத்தில் ஒட்டியிருந்த தாரைப் பார்த்து, எங்கே போனாய் என்று கேட்டார்.

"ஆவடி வரைக்கும்ப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பம்பைப் பார்த்தேன். மாமரம் வைத்தால் இந்த மண்ணில் வருமா என்று அவர் அம்மாவைக் கேட்டார். என் தலைமுறையைப் பற்றிய அபிப்பிராயம் அதன்பிறகு எங்கள் வீட்டில் அதிகம் கேட்கவில்லை. அதை எங்கள் இருவரின் பெருந்தன்மை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ஆவடி டீக்கடையில் பராமரிப்பு ஆபீஸ் அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். அப்பாவும் பிள்ளையும் வந்து எழுதியது அங்கே எல்லாருக்கும் தெரியும் என்றார். மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள, ஒரு வீட்டில் வளர்ந்தால் ஒரே பழக்கம்தானே வரும், எனக்கும் அப்பாவுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்றேன்.

"வித்தியாசம் கீது நைனா" என்றார். "உங்கப்பா சொந்தப் பேனா எடுத்துகினு வந்தாரு. நீ என் பேனாவ எடுத்துகினு பூட்ட."