சதுரங்கப்பட்டினத்து வெள்ளைக்கார மகாலட்சுமி

பழைய அச்சுப்படம் சேர்க்கும் பைத்தியம் எனக்கு உண்டு. அதிலும் ஒரே ஒரு ராணியின் படங்கள்தான். பதினேழாம் நூற்றாண்டில் போர்ச்சுகலிலிருந்து இங்கிலாந்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த அவளுடைய படங்கள் மூன்று மூர்மார்க்கெட்டில் கிடைத்தன. மணப்பெண் கோலத்துப் படம் மட்டும் சிக்கவே இல்லை.

எழுபத்தாறு தை மாதம், செங்கல்பட்டில் படங்களுக்குச் சட்டம் போடும் நண்பர் காதர் பாய் தகவல் சொன்னார். சதுரங்கப்பட்டினத்தில் மீன் வியாபாரம் செய்யும் அஞ்சலை வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறதாம்.

"நான்தான் சார் ஃபிரேம் போட்டேன். கீழ என்னமோ இங்கிலீஷ்ல இருந்துச்சு, வெட்டிட்டேன்."

காலண்டர் சாமி படத்தில் ஜவுளிக்கடைப் பெயரை வெட்டிவிட்டுத்தானே சட்டம் போடுவோம்? அந்தப் பழக்கத்தில் ராணியின் பெயரும் போயிற்று. வெறுங்கையோடு போகாதீர்கள் என்று கடையிலிருந்த மகாலட்சுமி படம் ஒன்றையும் கொடுத்து அனுப்பினார் மனிதர்.

செங்கல்பட்டிலிருந்து காலை ஏழரை மணி பஸ். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். வழி கேட்டதற்குக் கண்டக்டர், "டச்சுக்காரன் கோட்டைய தாண்டி கருவாட்டு வாசன புட்சிகினே போ சார், அஞ்சலை வூட்லதான் போயி நிப்ப" என்றார். அப்படியே நின்றேன்.

வாசலில் பெரிய கோலம். உள்ளே சுவரில் என் ராணி! காதுகளின் பக்கம் விசிறியாக விரிந்த கூந்தல், பந்தல்போல் அகன்ற பாவாடை. கண்ணாடிமேல் குங்குமம், கனகாம்பரச் சரம் வேறு. பெயர் இல்லாததால் வெள்ளைக்கார மகாலட்சுமி ஆகியிருந்தாள். கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

"இன்னா சார் பேசற? எம் பொண்ண பாக்க பதினோரு மணிக்கு வராங்க. இன்னிக்கிப் போயி லட்சுமிய வூட்ட வுட்டு அனுப்ப சொல்றியே" என்றார் அஞ்சலை.

நியாயம்தான். ஆசையை விட்டுவிட்டேன், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "லட்சுமி இல்லம்மா, இங்கிலாந்து ராணி. கல்யாணத்துக்குப் பம்பாயவே சீதனமா கொண்டுபோனவங்க."

"ரயிலு போவுதே, அந்தப் பம்பாயா?"

"அதேதான்."

அஞ்சலை முகம் மாறியது. "மாப்ள கல்பாக்கத்துல வேல. சைக்கிளு போதும்னு அவங்கப்பன் இப்பத்தான் எறங்கி வந்துகீறாரு. இவ்ளோ நாளா பொட்டு வெச்சி கும்புட்டது ஊரயே சீதனமா குடுத்தவளயா? மொதல்ல எடுத்துகினு கெளம்பு சார்."

காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். காலியான ஆணியில் காதர் பாயின் மகாலட்சுமியை மாட்டிவிட்டு வெளியே ஓடிவந்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து வெற்றிலைத் தட்டோடு இறங்கிய பெரியவர், மாப்பிள்ளையின் அப்பாதான் போலிருக்கிறது, "இன்னா சார், படமா?" என்றார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். சம்பந்தம் சைக்கிளோடு முடிந்ததாகப் பிறகு காதர் பாய் சொன்னார்.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைப் பார்க்க இப்போது போகிறவர்கள் மாமல்லபுரத்திலிருந்தே போகலாம். காலையில் கிளம்புங்கள், வெயிலுக்குத் தொப்பி அவசியம். தை மாதமென்றால் வேடந்தாங்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராணி எங்கள் கூடத்தில் இருக்கிறாள். அஞ்சலை வைத்த குங்குமத்தை நான் துடைக்கவில்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று மட்டும், யாரும் சொல்லாமலே விடியற்காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, ராணியைக் கழற்றிப் பரணில் வைத்தேன்.