தங்கச்சி லேப்டாப்பில் வைஃபை போன அன்று

தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் தங்கச்சியின் பழைய லேப்டாப் திணறிக்கொண்டிருந்தது. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் வேகமாகும் என்று கேள்விப்பட்டு, அவளிடம் கேட்காமலே போட்டேன். வேகம் வந்தது, வைஃபை போய்விட்டது. மறுநாள் பதினொரு மணிக்கு நவி மும்பை ஐரோலியில் உள்ள கம்பெனி ஒன்றில் வேலைக்காக அவள் ஆன்லைன் பரீட்சை எழுத வேண்டும். லேப்டாப்பில்தான் எழுத முடியும்.

மறுநாள் காலையிலிருந்து போனில் பார்த்துப் பார்த்து, புரியாத கமாண்டுகளை அடித்தேன். வைஃபையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் இல்லையாம், இன்டர்நெட்டில் இறக்க வேண்டுமாம். இன்டர்நெட் இல்லாமல் எப்படி இறக்க?

“அண்ணே, பத்தே முக்கால் ஆயிட்டு” என்றாள்.

“ஏட்டி, நீ கீழ போட்டிருப்ப, அதான் கெட்டுப்போச்சு!” என்று கத்தினேன். அம்மா அதை நம்பி அவளை வாய்க்கு வந்தபடி ஏசினாள். பரீட்சை நேரம் முடிந்தது.

மத்தியானம் போனைக் கேபிளில் லேப்டாப்போடு இணைத்ததும் நெட் கிடைத்தது. டிரைவர் இறங்கி, ஐந்து நிமிடத்தில் வைஃபை வந்துவிட்டது.

“தானா சரியாயிட்டு” என்றேன்.

“நான் கீழ போடலண்ணே” என்றாள் தங்கச்சி.

இப்போது திலக் நகரில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். எதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று அம்மா இன்றும் சொல்கிறாள். நான் வாய் திறப்பதில்லை.