பதினேழாம் கட்டில், தொண்டை, ஜெபிக்கப்பட்டது

என் மனைவி சபையில் ஊழியத்துக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டதாம். அதற்காக ஒரு மலர் போடுகிறார்கள். அதில் அவளுடைய வாழ்க்கைக் குறிப்பை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி என்னையே கேட்டிருக்கிறார்கள். கணவர் கையால் எழுதினால் உருக்கமாக இருக்கும் என்று போதகர் சொல்லி அனுப்பினார். உருக்கம்தானே? தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். அச்சில் போடத் தைரியம் இருந்தால் போடட்டும்.

முதலில் என்னைப் பற்றி நாலு வரி. நான் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவனாக இருந்தேன். முப்பது வருடம் மூட்டை மேல் ஏறி நின்று கத்தியிருக்கிறேன். சந்தையில் எனக்கு 'ஒலிபெருக்கி' என்று பட்டப்பெயர். எட்டு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் புற்று என்று சொல்லிக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒருவனைத் திட்ட வேண்டுமென்றாலும் பேனாவைத் தேட வேண்டியிருக்கிறது. அதனால் கிடைத்த காகிதத்தை நான் சும்மா விடுவதாக இல்லை.

இனி அம்மையார். பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. மூன்று மணிக்கு வேலை முடியும். மூன்றேகாலுக்குச் சபை வேலை தொடங்கும். பெண்கள் கூட்டம், ஞாயிறு பள்ளி, பாடகர் ஒத்திகை, வீட்டு ஜெபம், கூட்டப் பந்தலுக்கு நாற்காலி, நாற்காலிக்கு ஆள், ஆளுக்குத் தேநீர், எல்லாம் இவள் தலையில்தான். யாரும் கட்டிவிடவில்லை, தானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுக்க அட்டவணை. வெங்காயம் நறுக்கும்போது தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், "ஆமென், ஆமென், சரிங்க சிஸ்டர்." நான் உப்பு கேட்டால், போனைப் பொத்தாமலே கையால் காற்றில் ஒரு அடி அடிப்பாள். வாயை மூடு என்று அர்த்தம். ஒலிபெருக்கியையே வாயை மூடச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

கல்யாணம் ஆகிப் போன மகள் ஒருமுறை போனில் சொன்னாள்: "அப்பா, அம்மாகிட்ட பத்து நிமிஷம் பேசணும்னா ஜெபக்குறிப்பு எழுதிப் பெட்டியில போடணும் போல இருக்கே." நான் சிரித்தேன். வயிறு எரியச் சிரித்தேன்.

அவள் ஊழியத்திலேயே பெரிய பேர் வாங்கியது மருத்துவமனைச் சந்திப்பு. வியாழக்கிழமைதோறும் நாலு பேர் குழு. முறையை வகுத்ததும் இவள்தான். ஒரு கட்டிலுக்கு மூன்று நிமிடம். ஒருத்தி வசனம் வாசிப்பாள், ஒருத்தி பாடுவாள், ஒருத்தி வசனம் அச்சடித்த கைப்பிரதி கொடுப்பாள். இவள் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, நோட்டில் மூன்று கட்டம் நிரப்புவாள்: கட்டில் எண், என்ன வியாதி, ஜெபிக்கப்பட்டது. வருடக் கடைசியில் அதைக் கூட்டி மேடையில் வாசிப்பார்கள். போன வருடம் இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டிலாம். கைதட்டல் வேறு. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் ஆண்டவரையே பார்க்கப் போகிறார் என்று அன்றைக்கு மேடையில் பேசியவளும் இவள்தான். பேச்சில் குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் பேசுவாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை எனக்கு அறுவை. என்னை மருத்துவமனையில் சேர்த்து, ஆறாம் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, சபையின் கன்வென்ஷன் பெருங்கூட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்று ஓடிவிட்டாள். டாக்டர் என்னிடம் ஒளிக்கவில்லை. "பேச வேண்டியவங்ககிட்ட எல்லாம் வியாழக்கிழமையே பேசிடுங்க" என்றார். எனக்கு யாரிடம் பேச வேண்டும்? சந்தைக்காரன்களிடம் பேசி முப்பது வருடம் போதும் போதும் என்றாகிவிட்டது. இவளிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும். அவ்வளவுதான். என்ன பேசுவது என்றுகூட யோசிக்கவில்லை. என் குரல் என்னிடம் இருக்கும்போது, எதிரே அவள் உட்கார்ந்து கேட்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் போனில் அதைத்தான் கேட்டேன்.

"நாலு மணிக்கு டான்னு வந்துடுறேங்க. உங்க கூட மட்டும்தான். போனைக்கூட அணைச்சு வெச்சிடுறேன்" என்றாள்.

நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மத்தியானம் சவரக்காரர் வந்து கழுத்து, தாடை, மீசை எல்லாவற்றையும் வழித்துவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்த மீசை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே யாரோ மாதிரி இருந்தது. பிறகு, ஆறாம் கட்டிலுக்கு மேல் மின்விசிறி கழன்று ஆடுகிறது என்று சொல்லி, என்னை வாசல் பக்கம் பதினேழுக்கு மாற்றினார்கள். பச்சைச் சட்டை, கையில் குளுக்கோஸ் ஊசி. நான் வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். நாலு அடித்தது. நாலரை அடித்தது. தண்ணீர் குடித்தால் குரல் இன்னும் கொஞ்சம் தெளியுமே என்று இரண்டு வாய் குடித்துக்கொண்டேன்.

நாலே முக்காலுக்கு வந்தாள். தனியாகவா வந்தாள்? குழுவோடு வந்தாள். பாட்டுப் புத்தகம், கைப்பிரதிக் கட்டு, நோட்டு. வியாழக்கிழமை அல்லவா! வாசலில் நின்று அந்த மூன்று பெண்களிடமும் சொன்னாள், என் காது கேட்கச் சொன்னாள்:

"இருபதுல இருந்து ஆரம்பிச்சு இறங்கிடுவோம். ஆறாவதைக் கடைசியா வெச்சுக்கலாம். அது நம்ம வீட்டு ஆளுதான், எங்கேயும் ஓடிட மாட்டாரு."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்து உட்கார்ந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. பார்ப்போம், எவ்வளவு தூரம் போகிறாள் என்று பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மல்லாந்து படுத்தேன். இருபது முடிந்தது. பத்தொன்பது, பதினெட்டு முடிந்தன. என் கட்டிலருகே வந்தார்கள். ஒருத்தி வசனம் வாசித்தாள், ஒருத்தி இரண்டு வரி பாடினாள். ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள் என்று நான் சபைப் பக்கமே போவதில்லை, அதனால் அந்தப் பெண்களுக்கு என்னைத் தெரியாது. இவளுக்கு? கண்ணை மூடிக்கொண்டு என் நெற்றியில் கை வைத்தாள். எனக்குச் சோறு போட்ட கை. "இந்தச் சகோதரரின் பெயரை நீர் அறிவீர்" என்று ஜெபித்தாள். மனமுருகித்தான் ஜெபித்தாள், பொய் சொல்லக்கூடாது. கண்ணைத் திறந்ததும் பார்வை நேராக நோட்டுக்குப் போனது.

"பிரதர், உங்களுக்கு என்ன சுகவீனம்?" தலை நிமிரவில்லை.

"தொண்டை" என்றேன். தகரத்தில் அரம் போட்டது மாதிரி வந்தது குரல்.

"ஆண்டவர் பார்த்துக்குவாரு" என்று எழுதிக்கொண்டு பதினாறுக்குப் போய்விட்டாள்.

அடிப்பாவி! ஒரு கை தூரத்தில் நின்று, தொட்டு, பேசி, எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். ஆறாம் கட்டில் வரைக்கும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே போய்ச் சேரும்போது மணி ஐந்தே முக்கால். அங்கே வேறு யாரோ ஒரு ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பதறிப்போய் நர்ஸிடம் ஓடினாள். அந்த நர்ஸுக்கு என் தொண்டையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார் ஆண்டவர்.

"பதினேழுக்கு மாத்தியாச்சும்மா! இப்பதானே அங்க ஜெபம் பண்ணிட்டு வந்தீங்க?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் அந்த நீளமான வார்டை நடந்து வந்தாள். வேகமாக நடந்தே பழகியவள், அன்றைக்குத்தான் அவள் மெதுவாக நடப்பதைப் பார்த்தேன்.

"என்னங்க..."

"யாருங்க சிஸ்டர் நீங்க? எனக்குத்தான் ஜெபம் முடிஞ்சிடுச்சே. ரெண்டாவது ரவுண்டு எல்லாம் வேண்டாம், மத்தவங்களைக் கவனிங்க."

"மீசை இல்லாம... சத்தியமா எனக்கு..."

"மீசைக்கா கழுத்தை நீட்டினே?"

பதினாறாம் கட்டில்காரர் சிரித்துவிட்டு இருமினார். இவளுக்குப் பழக்க தோஷம், கண்ணை மூடிக்கொண்டு "ஆண்டவரே" என்று ஆரம்பித்தாள். எனக்கு வந்ததே கோபம்!

"கண்ணைத் தொற! இன்னொரு தடவை கண்ணை மூடினே, இந்த ஊசியைப் பிடுங்கிப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவேன். ஒரு மணி நேரம் கேட்டேன். பிச்சை கேட்கிற மாதிரி கேட்டேன். நாளைக்கு இந்த வாய் இருந்தும் இல்லாத வாய். உனக்கு நான் ஒரு நம்பர், ஒரு வியாதி, ஒரு கோடு! கட்டினவனைத் தொட்டுப் பார்த்தும் தெரியல. கண்ணுக்கே தெரியாதவரோட நடக்கிறேன், பேசுறேன்னு மேடை மேடையா சொல்லிக்கிட்டுத் திரியிறே. எங்கேடி உன் ஆண்டவர்? இத்தனை கட்டில் சுத்தினியே, எந்தக் கட்டில்ல பார்த்தே அவரை? நோட்டுல நம்பர் இருக்கும்ல, பார்த்துச் சொல்லு!"

நான் கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவள் நிஜமாகவே நோட்டைத் திறந்தாள். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. அவள் கையெழுத்து, நான் தலைகீழாக வாசித்தேன். பதினேழு. தொண்டை. ஜெபிக்கப்பட்டது.

"பதினேழு" என்றாள்.

"என்ன பதினேழு?"

"பதினேழாவது கட்டில்லதாங்க இருந்திருக்காரு. தொண்டைன்னு சொன்னாரு. நான் எழுதிக்கிட்டுப் போயிட்டேன்."

மேடையில் அழுவதற்கென்று அவளுக்கு ஒரு அழுகை உண்டு, கைக்குட்டையோடு. இது அது இல்லை. மூக்கு ஒழுக, கோணல் வாயோடு அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அப்போது குழுவில் ஒருத்தி மெல்ல வந்து, "அக்கா, வேன் வந்திடுச்சு. ஆறரைக்குக் கன்வென்ஷன் கமிட்டி. நீங்கதானே நடத்தணும்" என்றாள்.

இவள் நோட்டை அந்தப் பெண் கையில் திணித்தாள். "நான் வரலைன்னு சொல்லிடும்மா."

"என்ன காரணம் சொல்றது அக்கா?"

"வேலை இருக்குன்னு சொல்லு."

முக்காலியை இழுத்துப் போட்டு, என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆறு மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்தது. நர்ஸ் வந்து இடுப்பில் கை வைத்து நின்று, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாளோ, "எட்டு மணி வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"திட்டுங்க" என்றாள் இவள். "நிறுத்தாதீங்க. இன்னும் திட்டுங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

திட்டினேன். விடுவேனா? கல்யாண மண்டபத்துக்கு அவள் வீட்டார் தாமதமாக வந்ததிலிருந்து ஆரம்பித்தேன். மகள் பிறந்த அன்றைக்கு மழையில் நான் நனைந்து நின்றது, என் வேட்டியில் அவள் இஸ்திரிப் பெட்டியை வைத்து மறந்தது, உப்பில்லாத குழம்பு, உப்பு மட்டுமே இருந்த குழம்பு, எதையும் விடவில்லை. திட்டிக்கொண்டே வரும்போது எங்கேயோ இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு மறுபடியும் ஞாபகம் வந்து திட்டினேன். அவள் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் நான் அப்படிக் கேட்கப்பட்டதே இல்லை.

மலர்க் குழுவினர் கவனத்துக்கு: இப்போதும் அவள் வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போகிறாள். ஒரு மாலைக்கு ஒரு கட்டில், அதிகம் போனால் இரண்டு. நோட்டு கிடையாது. போய் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வருகிறாள். மேடையில் வாசிக்க இந்த வருடம் எண்ணிக்கை இல்லையே என்று கமிட்டியில் முகம் சுளிக்கிறீர்களாம். சுளித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன. அவளுடைய ஆண்டவர் மேல் எனக்கு இருக்கிற கோபமும் அப்படியேதான் இருக்கிறது. என் குரலை எடுத்துக்கொண்டவரிடம் நான் எப்படிச் சிரித்துப் பேசுவேன்? ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அவர் அந்த வார்டில் இல்லை என்று என்னாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதை ஒப்புக்கொள்வதும் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குத் தள்ளுவண்டி வந்தது. கடைசியாகச் சொல்ல வேண்டியது என்று படுத்தபடியே ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல வாக்கியம். அவள் ராத்திரி முழுக்க வராந்தாப் பெஞ்சில் இருந்திருக்கிறாள். கசங்கிய சேலையோடு வண்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாள். அறுவை அறைக் கதவு வந்ததும் நர்ஸ் அவளை நிறுத்தினாள். "ஏதாவது பேசணும்னா பேசிக்கோங்க" என்றாள். இவள் ஜெபம் செய்யவில்லை. குனிந்து என்னைப் பார்த்தாள். கண் உள்ளே போய், உதடு காய்ந்து கிடந்தது. நான் தயார் செய்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நீ சாப்பிட்டியா?" என்றேன்.

"இல்லைங்க."

"நேத்து மத்தியானத்துல இருந்தா?"

தலையை ஆட்டினாள்.

"அறிவிருக்கா உனக்கு? நீயும் விழுந்தா யாரு பார்க்கிறது? போ. முதல்ல போய்ச் சாப்பிடு" என்றேன்.

கதவு மூடிக்கொண்டது. அவளிடம் நான் வாய்விட்டுப் பேசியது அதுதான் கடைசி.